விசிறிய கை

அன்பு மருமகளுக்கு,

உன் அம்மா வீட்டில் நீயும் குழந்தையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

மணிக்கட்டு வலிக்காக நேற்று மல்லாங்கிணறு கட்டு வைத்தியரிடம் போனேன். "வாத்தியாரய்யா, ரிட்டையர் ஆகியும் பிள்ளைகள அடிக்கிறத விடலையாக்கும்? எப்படி வந்துச்சு இம்புட்டு வீக்கம்?" என்று அவர் சிரித்தார். கட்டுப் போட்டுக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கும் நான் சரியான பதில் சொல்லவில்லை. பட்டாசுக் கம்பெனி விபத்துக்குப் பிறகு, "எரியுதுப்பா" என்ற என் மகனுக்கு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் காலண்டர் அட்டையால் விசிறினேன், உனக்குத் தெரியும். அவன் போன பிறகு, கடைசியாக என்ன சொன்னார் என்று நீ கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

சொன்னான்.

அவன் போன அன்று காலை, கை வலி தாங்காமல் அட்டையை இடக்கைக்கு மாற்றினேன். அவன் கண் திறந்து, "கை வலிக்காப்பா? போதும், வச்சிருங்க" என்றான். அதன்பின் பேசவில்லை.

உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டிய மூச்சை என் கைக்காகச் செலவழித்துவிட்டான். உன் பெயரைத்தான் சொன்னான் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் துணிவு வரவில்லை, தாயி.

உன் மாமா