இசக்கியம்மாள் ஃபைல்

11.11.97 செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று முறிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே ஆஸ்பத்திரி வந்தேன், சேலை முழங்கால்வரை ஈரம்.

இன்று முடிக்கவேண்டியவை: (1) ஃபைல் பெயர் மாற்றம் (2) மாத்திரை இருப்புப் பட்டியல் (3) தம்பிக்குக் கடிதம்.

(1) முடிந்தது! பத்து நாளாக எழுதி, அழித்து, திரும்ப எழுதிய கணினி ஸ்கிரிப்ட். மொத்தமே பதினோரு வரி. ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கும். உள்ளே இரண்டாம் வரியில் இருக்கும் நோயாளியின் பெயரை எடுக்கும். 0001, 0002 என்றிருந்த ஃபைலுக்கு அந்தப் பெயரையே வைத்துவிடும். 1143 ஃபைல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையால் செய்திருந்தால் ஒரு வாரம், கூடவே கழுத்து வலி.

வலிப்பு கிளினிக்குக்கு வருகிறவர்கள் யாரும் எண் சீட்டை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. மருந்துச் சீட்டும் அப்படித்தான். யார் கண்ணிலாவது பட்டால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது, ஆணுக்கு வேலை போய்விடும். எல்லாம் எங்களிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மாதம் வந்து பெயரை மட்டும் சொல்வார்கள். நான் பெரிய நோட்டைப் புரட்டி எண்ணைத் தேடுவதற்குள் வரிசை வாசல்வரை போய்விடும். இனி பெயரை அடித்தால் போதும்.

டாக்டர் ஐயா வந்து பார்த்தார். நாலு பெயர் சொன்னார், நாலும் வந்தன. "இன்ஜினியரம்மா ஆயிட்ட எஸ்தர்" என்றார். முப்பத்தொரு வயதில் இப்படிச் சிரித்துக்கொண்டு வீடு வந்தது இன்றுதான்.

டிஸ்க்கில் காலி இடம் கூடியிருந்தது. அதையும் ஒரு அதிர்ஷ்டம் என்று நினைத்து (2)-ஐ அதில் ஏற்றினேன். (3) இல்லை.

12.11.97 புதன்

வெயில் லேசாக. துணி காயவில்லை.

கம்பவுண்டர் அண்ணாச்சி சனிக்கிழமை கிளினிக்குக்கு மாத்திரைப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தார். எஸ். இசக்கியம்மாள், வி.கே.புரம், மில் லைன் வீட்டுப் பெண், பத்தொன்பது வயது, அளவு என்ன என்று கேட்டார். அடித்தேன். ஃபைல் திறந்தது. வயது 54, ஊர் கடையம்.

"இது வேற இசக்கில்லா" என்றார் அண்ணாச்சி.

மெஷினிடம் ஃபைல்களை எண்ணச் சொன்னேன். 688. திரும்பவும். 688. 455 பேரைக் காணோம்.

பெயர் மாற்றும் கட்டளை, அதே பெயரில் முன்பே ஒரு ஃபைல் இருந்தால் ஒரு வார்த்தை கேட்காது. பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை அங்கே உட்கார வைக்கும். நோட்டில் பார்த்தேன். எஸ். இசக்கியம்மாள் மட்டும் பத்தொன்பது பேர். கணினியில் ஒருத்தி, கடைசியாகப் பதிந்தவள். எம். சுடலைமுத்து பதினான்கு, இப்போது ஒன்று. பி. உலகம்மாள் பதினொன்று, இப்போது ஒன்று.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் நாலு இசக்கி. மச்சு வீட்டு இசக்கி, பால்கார இசக்கி என்று கூப்பிட்டவளும் நானே. குலதெய்வம் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற ஜில்லாவில் பெயரை நம்பி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். முதல் பத்து ஃபைலில் சோதித்துப் பார்த்தேனே என்று ஒரு சமாதானம் வேறு. முதல் பத்தும் எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களின் சொந்தக்காரர்கள், எல்லாம் பைபிள் பெயர், ஒன்றுபோல் ஒன்று இல்லை.

அண்ணாச்சியிடம் மெஷின் கோளாறு, நாளை சொல்கிறேன் என்றேன். பொய். டாக்டர் அறைப் பக்கம் மூன்று தடவை போய்த் திரும்பினேன்.

13.11.97 வியாழன்

மறுபடி மழை. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

என்ன மிச்சம்:
நோட்டு: எண், பெயர், ஊர். மருந்து இல்லை.
ஃப்ளாப்பி: ஏழு. ஐந்தில் பூஞ்சை. இரண்டில் 0001 முதல் 0212 வரை, அதுவும் மார்ச் மாத நிலவரம்.
பழைய அட்டைகள்: இல்லை. நான் கணினியில் அடித்து முடிக்க முடிக்க டாக்டர் ஐயா பின்கட்டில் நின்று எரிக்க வைத்தார். பழைய பேப்பர் கடைக்குப் போனால் நாலு குடும்பம் நாசம் என்பார்.

ஜங்ஷனில் எனக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக்கொடுத்த சாரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். உடனே மெஷினை நிறுத்தியிருந்தால் டிஸ்க்கைத் துழாவிப் பார்த்திருக்கலாமாம். காலி என்று தெரிந்த இடம்தான் போன ஃபைல்களின் இடமாம். அதன்மேல் நான் மாத்திரைப் பட்டியலை ஏற்றியாயிற்று. ஏன் முதலில் ஒரு நகல் எடுக்கவில்லை என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார், அழுதுவிடுவேனோ என்று பயந்து குடிக்காமல் வந்துவிட்டேன்.

வி.கே.புரத்துப் பெண்ணை மறக்க முடியவில்லை. அவள் அட்டையை அடித்தது நினைவிருக்கிறது. ஒரு மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்து, தோல் உரிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்திருக்கிறாள். "இனி எக்காரணம் கொண்டும் கொடுக்கக்கூடாது" என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். எந்த மாத்திரை? ஃபீனிட்டாயினா, கார்பமசபினா? இரண்டையும் அன்று அடித்தேன். சிவப்பு மை கண்ணில் நிற்கிறது, பெயர் வரவில்லை.

14.11.97 வெள்ளி

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வி.கே.புரம் போனேன். அவளிடமே கேட்டுவிடலாம் என்று. அவள் அட்டையில் "கடிதம் வேண்டாம், வீட்டுக்கு வரவேண்டாம்" என்று இருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தே போனேன்.

அம்பாசமுத்திரம் தாண்டும்வரை ஜன்னல் ஷட்டர் இறக்கியே இருந்தது. இறங்கும்போது மில் சங்கு ஊதியது, சைக்கிள் கூட்டம். லைன் வீட்டில் இசக்கியம்மாள் வீடு எது என்று கேட்டால் "எந்த இசக்கி?" என்கிறார்கள். வயதைச் சொன்னதும் ஒரு அம்மா சிரித்தாள். "கல்யாணப் பொண்ணா? அங்கன வெள்ளையடிச்சிருக்கு பாருங்க."

வாசலில் ஏழெட்டுப் பெண்கள் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வியாழன் கல்யாணமாம். இசக்கியம்மாள் உள்ளிருந்து மாவுப் பாத்திரத்தோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அம்மா எழுந்து வந்து வழியை மறித்து நின்றாள். மாதாமாதம் என் மேசை முன்னால் நிற்கிறவள்.

"யாரு நீங்க? தெரியலியே."

மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் போல இரண்டு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாளையங்கோட்டையில் தையல் கிளாஸுக்கு ஆள் சேர்க்கிறோம் என்றேன். எங்கள் வீட்டில் யாரும் தைக்கவில்லை, போங்கள் என்றாள் அந்த அம்மா. ஒரு கிழவி இரக்கப்பட்டு இரண்டு முறுக்கு கொடுத்தாள். பஸ் வரும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் மனுஷிதானா? ஒரு குடும்பத்தின் வாசலில் போய் நின்று அவர்களை நடுங்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

15.11.97 சனி

கிளினிக் நாள். ஏழரைக்கே போய் டாக்டர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், நேற்றுப் போனதையும். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் புதன்கிழமையே சொல்லல எஸ்தர்?"

அது ஒன்றுதான் கேட்டார். வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

எட்டு மணிக்கு வரிசை தொடங்கியது. காணாமல்போனவர்களிடம் டாக்டரே முதலிலிருந்து கேட்டார், நான் எழுதினேன், பழையபடி எண் போட்டு. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? வெள்ளை மாத்திரை. காலையில்? வெள்ளை. ராத்திரி? அதுவும் வெள்ளைதான். எத்தனை வருஷமாக? உங்களுக்குத்தான் தெரியும் ஐயா. அப்படிச் சொல்லும்போது என் பக்கம் திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. மதியத்துக்குள் முப்பத்தொரு பேர். மருந்துப் பெயர் சொன்னவர் இரண்டு பேர்.

மூன்று மணிக்கு இசக்கியம்மாளின் அம்மா தனியாக வந்தாள். நேற்று வந்ததற்குச் சண்டை போடுவாள் என்று எழுந்து நின்றேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். மகளை மதுரைப் பக்கம் கட்டிக் கொடுக்கிறார்களாம். இனி இங்கே வரமாட்டாளாம்.

"எம் மவ பேரு இந்த மிசினுல இருக்கப்படாது தாயி. அழிச்சிரு."

டாக்டர் அவளை உட்கார வைத்து, உடம்பு தடித்தது எந்த மாத்திரையால் என்று பைய, திரும்பத் திரும்பக் கேட்டார். வெள்ளை என்றாள். மதுரையில் எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு மருந்தின் பெயரையும். அவள் தாளைத் தொடவில்லை. மாத்திரையெல்லாம் கல்யாணத்தோடு நிறுத்திவிடுவோம், வீட்டில் தெரிந்தால் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

என்னிடம் திரும்பி, "அழிச்சாச்சா?" என்றாள்.

"அழிஞ்சுபோச்சும்மா" என்றேன்.

நோட்டில் இருந்த பெயரையும் கோடு போட்டு அடிக்கச் சொல்லி, அடித்ததைப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ நல்லாருப்பே. நீ செஞ்ச உதவிய மறக்க மாட்டோம்."

ஆறரை மணி. எந்த மாத்திரை என்று இன்னும் நினைவுக்கு வரவில்லை.