நத்தைக்கு ஒரு கம்ப்யூட்டர்

மார்ச் 4

மாமா இன்றும் செய்தித்தாளை நான்காக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். படிக்கவில்லை. "டீ குடிக்கிறீங்களா மாமா?" என்றால் "ம்." "வேண்டாமா?" என்றாலும் அதே "ம்." மாமனார் அதிகம் பேசக்கூடாது என்று ஏங்கும் மருமகள்கள் உண்டு. எனக்கு வாய் ஓயாத மாமனார் வாய்த்தார், அதுவே பழகியும்விட்டது. இப்போது ஆறு வாரமாக அந்த வாய்க்குப் பூட்டு. வீடு நன்றாகவே இல்லை.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாமாவுக்கு ஒரு நொடி நினைவு தப்பிவிட்டது. பஸ் நடைபாதையில் ஏறி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது, மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கும், ஆனால் இனிமேல் பஸ் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெப்போவில் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனிதர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'நத்தை'. முன்பு அதைச் சொன்னால் கோபிப்பதுபோல் நடித்துவிட்டுச் சிரிப்பார்.

நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டோம், மாமாவைத் தவிர. முதல் தடவை முழங்கால் வலி, அடுத்த தடவை சளி. "அப்பாவுக்கு என்மேல ஏதாவது கோவமா அண்ணி?" என்று அவள் போனில் அழுகிறாள்.

மார்ச் 6

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது: பஸ் ஓட்டும் விளையாட்டு. டிக்கெட், கதவு, நிறுத்தம் எல்லாம் நிஜம்போலவே இருக்கிறது. மனுஷன் ஏங்குவது ஸ்டியரிங்குக்குத்தானே? வீட்டிலேயே ஒரு பஸ் கொடுத்துவிட்டால்?

அதற்குக் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் தயாராக விற்பதன் விலையைப் பார்த்து எனக்கே மாத்திரை தேவைப்பட்டது. உதிரி உதிரியாக வாங்கி நாமே பூட்டினால் பாதியில் முடியுமாம்.

இவரிடம் சொன்னேன். "அப்பா பேரைச் சொல்லி நீ விளையாடப் போறே" என்றார்.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

ஹாஸ்டலில் படித்த காலத்தில் என்னை விளையாட்டில் ஜெயிக்க ஆள் கிடையாது. இவருக்கு அது தெரியாது. தெரியட்டும்.

மார்ச் 8

புது ஃபிரிட்ஜுக்குச் சேர்த்ததை இதற்குத் திருப்பிவிட்டோம். கட்டியவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊர் ஃபிரிட்ஜெல்லாம் சத்தமில்லாமல் ஓடுகிறது, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் பிரசவ வலிக்காரி மாதிரி முனகுகிறது. இன்னும் ஒரு வருடம் முனகட்டும்.

மார்ச் 9

மாடிப்படிக்குக் கீழே குகை மாதிரி ஒரு கடை. பழையதும் புதியதுமாகக் கம்ப்யூட்டர் உதிரிகள். நடத்துவது ஒரு அக்கா.

"வேலைக்கா, விளையாட்டுக்கா?"

"விளையாட்டுக்கு. என் மாமனாருக்கு."

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "குடுத்து வச்சவரு. முதல்ல பிராசஸர் எதுன்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் அதுக்குப் பொருந்துற மதர்போர்டு. பொருத்தம் பார்க்காம வாங்கிட்டு வந்து என்கிட்ட அழக்கூடாது."

இது எனக்குத் தெரிந்த வேலைதான். இந்த மாத்திரையோடு அந்த மாத்திரை சேராது என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான்.

பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கம்ப்யூட்டர் பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் ஃபேன் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் எப்படி? மானிட்டர் கிடையாது, வீட்டு டிவி போதும். ஸ்டியரிங் கிடையாது, கீபோர்டில் இருக்கும் அம்புக்குறிகள் போதும். பவர் சப்ளையில் மட்டும் கை வைக்க அக்கா விடவில்லை. "மட்டமானதைப் போட்டா, அது போகும்போது தனியா போகாது. எல்லாத்தையும் கூட்டிட்டுத்தான் போகும்." மின்சாரம் சரியில்லாமல் கருகிய கம்ப்ரசர்களைப் பற்றி இவரும் ஒரு மணி நேரம் பேசினார். சரிதான், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதா?

மார்ச் 11

வேலை முடிந்து வந்தால் கூடத்து மூலை காலியாக இருக்கிறது. தையல் மெஷினைக் காணோம். போர்வைகளெல்லாம் மடித்துத் தயாராகக் கட்டிலில்.

"என்ன அத்தை இது?"

"நீதான போன்ல சொன்னே, நாளைக்குக் கேபினெட் வருதுன்னு. மேல் தட்டுல போர்வை, கீழ் தட்டுல என் புடவை. கதவுல கண்ணாடி இருக்குமா?"

கேபினெட் என்றால் கம்ப்யூட்டர் சாமான்களை உள்ளே வைத்து மூடும் பெட்டி என்று விளக்கினேன். உயரம் எவ்வளவு என்று கேட்டார். முழங்கால் அளவு காட்டினேன். அத்தை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. தையல் மெஷினை நானும் இவரும் திரும்பத் தூக்கிவைத்தோம்.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய மாமாவாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் அத்தையை ஓட்டியிருப்பார்.

மார்ச் 14

ராம் என்கிற மெமரி வாங்கியாச்சு. பெரியதாக ஒன்று வாங்குவதைவிடச் சிறியதாக இரண்டு வாங்கினால் வேகமாம். இவரிடம் சொன்னேன். "ஆமா, ரெண்டு பேரா பாத்திரம் தேய்ச்சா சீக்கிரம் முடியும்ல, அந்த மாதிரி." சொன்னதோடு சரி. தேய்க்க வரவில்லை.

மார்ச் 17

இன்று நான் ராணி! அக்கா சொன்ன அதே பிராசஸர், அதே நம்பர், இணையத்தில் இன்னும் மலிவாகக் கிடைத்தது. யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டேன். படம் காட்டுவதற்கென்றே தனியாக விற்கும் கிராஃபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் திட்டமே. படத்தைப் பிராசஸரே வரைந்து டிவிக்கு அனுப்பிவிடும். பஸ்ஸுக்கு அது போதும். கையில் மிச்சம் இருப்பதால் இன்று எல்லோருக்கும் ஐஸ்க்ரீம். மாமா பாதி தின்றுவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

பூட்டினோம். நான் வீடியோ பார்த்துப் பார்த்துச் சொல்ல, இவர் ஸ்க்ரூ டிரைவர். பிராசஸரை உட்காரவைத்து நெம்புகோலை அழுத்தும்போது 'கரக்' என்று ஒரு சத்தம் வந்ததே, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படித்தான் சத்தம் வருமாம்.

நடுவில் திரும்பிப் பார்த்தால் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எப்போது நாற்காலியை விட்டு எழுந்தாரோ. சிதறிக் கிடந்த ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்து மூன்று கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறார். நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் பொத்தானை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. டிவியில் ஒன்றுமே வரவில்லை. ஒயரை மாற்றினோம், ராமைக் கழற்றி மாட்டினோம், டிவியைத் தட்டினோம். ம்ஹூம்.

"எஞ்சின் ஓடுது. முன் கண்ணாடியிலதான் ஒண்ணும் தெரியல" என்றார் மாமா.

இரண்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம். அதுவும் என் தோல்வியைப் பற்றி.

மார்ச் 23

கண்டுபிடித்துவிட்டேன். எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் வாங்கிய பிராசஸரின் நம்பருக்குக் கடைசியில் கூடுதலாக ஓர் எழுத்து இருக்கிறது. ஒரே ஓர் எழுத்து. அது இருந்தால் படம் வரைகிற வேலை அதற்குத் தெரியாது என்று அர்த்தமாம். அதனால்தான் மலிவு. அந்த எழுத்தை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், ஏதோ பேக்கிங் நம்பர் என்று நினைத்தேன்.

நான்! மாத்திரைப் பெயருக்குப் பின்னால் ரெண்டு எழுத்து சேர்ந்தா அது வேற மாத்திரைங்க, மாத்திக் குடுக்கக்கூடாதுங்க என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிற நான்!

மார்ச் 24

அக்கா திட்டித் தீர்த்தார். "என்கிட்ட வாங்கியிருந்தா பேரைக் கேட்டதுமே சொல்லியிருப்பேன். மலிவா கிடைச்சதாம்ல." பிறகு மேசைக்கடியில் துழாவி, தூசி படிந்த பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை எடுத்துத் துடைத்தார். "புதுசு வாங்குற வரைக்கும் வச்சுக்கோங்க. இழுத்துக்கிட்டுதான் ஓடும். பெரியவர் விளையாடட்டும்."

படம் வந்தது. அத்தைகூடக் கை தட்டினார்.

மார்ச் 28, சனி

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மாமாவை டிவி முன்னால் உட்காரவைத்தோம். பஸ்ஸைப் பார்த்ததும் முகம் மாறியது. சந்தோஷம் என்று நினைத்தேன். அம்புக்குறிகளில் விரலை வைத்து மெதுவாகப் பஸ்ஸை எடுத்தார், கண்ணாடியைப் பார்த்தார், திருப்பத்தில் சிக்னல் போட்டார். எவ்வளவு அழகாக ஓட்டுகிறார்! முதல் நிறுத்தம் வந்தது. பொம்மை ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மாமா கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். பஸ் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்ன பண்ணிட்டேன் நான்? யாரு கேட்டா என்கிட்ட? பெரிய டாக்டர் மாதிரி, இவருக்கு இதுதான் மருந்துன்னு நானே எழுதி நானே குடுத்து— ஒரு வார்த்தை அவரையே கேட்டிருக்கலாம்ல? கேட்கணும்னு தோணவே இல்லையே.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் அடுப்படிக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னைக்குக் கண்ணைத் தொறந்தப்போ, முன் கண்ணாடிக்கு நேரா ஒரு பொண்ணு நின்னுச்சும்மா. கை நீட்டினா தொட்டுடலாம். போன்ல எதையோ பார்த்துச் சிரிச்சிட்டு இருந்துச்சு. பஸ்ஸு வந்து நின்னதுகூட அதுக்குத் தெரியல."

இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. அத்தையிடம்கூட.

"பஸ் ஓட்ட முடியலன்னு வருத்தமா இருக்கீங்கன்னு நினைச்சோம் மாமா."

"ஓட்டினது போதும்மா. எனக்கு இந்தக் கைமேலதான் நம்பிக்கை போயிடுச்சு. பஸ்ஸு தானா ஏறி நின்னுடுச்சு. குழந்தை அப்படியா? கை விட்டா கீழதான். தூக்க பயமா இருக்கு. தூக்காம எட்ட நின்னு பார்த்துட்டு வரவும் என்னால ஆகாது."

முழங்கால் வலியும் சளியும் இதுதான். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும். "டாக்டர் வேணாம்னு சொன்னது பஸ்ஸைத்தானே? பேரனை வேணாம்னு எந்தச் சீட்டுல எழுதியிருக்கார்? நானே மருந்து எடுத்துத் தர்றேன், எனக்குத் தெரியாதா? மாத்திரை ஆரம்பிச்சப்புறம் ஒரு தடவைகூட மயக்கம் வரலையே!" என்று கத்திவிட்டேன். மாமனாரிடம் இந்தக் குரலில் நான் பேசியதே இல்லை.

டீயைக் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 30

நாத்தனாரைக் கூப்பிட்டேன். "உன்மேல கோவமே இல்லை, பயம். கொஞ்சம் பொறு" என்றேன். "யார்மேல பயம் அண்ணி?" என்றாள். "உன் பிள்ளைமேலதான்" என்றேன். சிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 2

பஸ் விளையாட்டை அழித்துவிட்டேன். மெஷின் சும்மா கிடப்பானேன் என்று பழைய கார்டு தாங்கக்கூடிய ஒரு விளையாட்டை ஏற்றினேன். பெரிய மைதானம், ஓட்டைக் கார்கள், ஒன்றையொன்று மோதி நொறுக்க வேண்டும். இன்று கடையில் ஒருவர் டாக்டர் சீட்டே இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு என் உயிரை வாங்கியிருந்தார். அந்தக் கடுப்பில் ஆறேழு காரை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பின்னால் மாமா. "ஏம்மா இப்படி இடிக்கிறே? பக்கத்துல இடம் இருக்குல்ல, ஒதுங்கிப் போயேன்."

"இடிக்கிறதுதான் மாமா ஆட்டமே."

"உள்ள ஆளு?"

"ஆளே கிடையாது. பொம்மை."

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தள்ளு" என்றார்.

முதலில் ஒரு காரை லேசாக உரசிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடுத்ததைப் பக்கவாட்டில் அடித்தார். அப்புறம் பிடிக்க முடியவில்லை. வேலி, டயர் குவியல், தண்ணீர்த் தொட்டி எதையும் விடவில்லை. எதிரில் ஒன்றுமே இல்லாதபோது சுவரைத் தேடிப் போய் இடித்தார். கார் உருண்டு தலைகீழாக நின்றது. ஒரு நொடி கழித்து, சுத்தமான புதுக் கார் ஒன்று வந்து நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே வராமல் குலுங்கினார். அத்தை மயக்கம்தான் வந்துவிட்டதென்று சொம்பு நிறையத் தண்ணீரோடு ஓடிவந்து அவர் முகத்தில் அடித்துவிட்டார். தொப்பலாக நனைந்து உட்கார்ந்துகொண்டு, "போர்வை குடுடி, உன் கேபினெட்லேர்ந்து" என்றார் மாமா.

அத்தைக்கு மூக்குக்குமேல் கோபம். எனக்கு உயிர் திரும்பியது.

ஏப்ரல் 6

தினமும் சாயங்காலம் மாமனாருக்கும் மருமகளுக்கும் போட்டி. நத்தை என்று பெயர் வைத்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். இன்று என்னைத் தோற்கடித்துவிட்டு, டிவியைப் பார்த்தபடியே, "பையன் எத்தனை கிலோ இருப்பான்?" என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் அரிசி டப்பாவைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எல்லோரும் பஸ்ஸில் போனோம். மாமா முன்னால் உட்காரவில்லை, கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். நிறுத்தம் வரும்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்தார். இவர் அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எங்கள் ஃபிரிட்ஜைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே வந்தார்.

நாத்தனார் வீட்டில் நாற்காலி போட்டார்கள். வேண்டாம் என்றார். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் தலையணை, மடியில் ஒன்று, காலுக்கு முன்னால் மெத்தை. எல்லாம் அவரே கேட்டு வாங்கி அடுக்கினார். "மாத்திரை போட்டுட்டேன்" என்று, கேட்காமலேயே என்னிடம் சொன்னார். அப்புறம் இரண்டு கையையும் நீட்டினார். "குடு."

குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, தூங்கிப்போனது.

நெடுநேரம் கழித்து நாத்தனார் பால் கொடுக்க வேண்டும் என்று கை நீட்டினாள்.

"இரும்மா" என்றார் மாமா, தலையைத் தூக்காமலேயே. "இப்பதான் ஏறி உக்காந்திருக்கான். அடுத்த ஸ்டாப்புல இறக்கிவிடுறேன்."

நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். எழுதுவதற்கு என்ன வெட்கம்.