அண்டை வீட்டார் கையால் எழுத முடியாதது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, வழக்கமாக எழுதித் தரும் பக்கத்து வீட்டுத் தையல்காரர் இல்லை, நானேதான். நான் எழுதப் படிக்கக் கற்கும் மாலை வகுப்பில் டீச்சர் என் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது.

இந்த வாரம் பல் டாக்டரம்மாவின் சின்னப் பாய்மரப் படகுக்கு ஏணி செய்து மாட்டினேன். முதலில் முடியாது என்றுதான் சொன்னேன், பிறகு மனசு கேட்கவில்லை. ஸ்டீல் குழாயில் ஐந்து படி, மடக்கி வைக்கலாம், கீழ்ப் படியிலிருந்து ஒரு கயிறு தண்ணீர்வரை தொங்கும். இழுத்தால் ஏணி விரிந்து இரண்டு படி தண்ணீருக்குள் இறங்கும். சட்டையோடு நானே குதித்து இழுத்துப் பார்த்தேன். பெரியவரே, ஏணி மாட்ட வந்தீங்களா குளிக்க வந்தீங்களா என்று டாக்டரம்மா சிரித்தார். மூன்று தடவை ஏறினேன்.

உன் தம்பி படகுக்கும் நான்தான் ஏணி மாட்டினேன். அதில் இந்தக் கயிறு இல்லை. அலையில் ஏணி லொடலொடவென்று அடிக்கிறதே என்று, அவன் கடைசியாகப் போன அன்று காலை நான்தான் அதை மடக்கி மேல்கம்பியில் இறுக்கிக் கட்டினேன், அவனிடம் சொல்லவில்லை. தனியாகப் போனவன் தவறி விழுந்திருக்கிறான். அந்த முடிச்சைப் படகின் மேலே நின்றால்தான் அவிழ்க்க முடியும், தண்ணீரிலிருந்து ஏற வழியில்லாமல்தான் அவன் மூழ்கிப் போனான். அவனுக்கு எப்பவும் அசட்டை, ஏணியை இறக்காமலே நீந்தப் போயிருப்பான் என்று நீ போனில் அழுதபோது நான் வாயே திறக்கவில்லை. தையல்காரரிடம் சொல்லி எழுத வைக்கவும் நா எழவில்லை. உன் தம்பி மேல் தப்பில்லை மகளே.

இதுவரை எழுதியதை நேற்று அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசித்தேன். கேட்டு முடித்ததும், ஒன்றரை வருஷமா அந்தப் பிள்ளையவா திட்டிக்கிட்டிருந்தேன் என்றாள். அதோடு சரி, என்னோடு இன்னும் பேசவில்லை.

மாப்பிள்ளை படகு வாங்கப் போவதாகச் சொன்னாயே, ஏணியை மேலே நின்று பார்க்காதீர்கள், தண்ணீரில் இறங்கிக் கை எட்டுகிறதா பாருங்கள். இதை மறக்காதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, திட்டுவதானாலும் பெரிய எழுத்தில் திட்டு, நானே வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா