காரின் கூரையில் ஏற்றியவை

ஜூலை 8, 1951 – ஞாயிறு

இன்றும் பிள்ளைகளின் அப்பாவுக்கு அந்தக் கேரியர் பேச்சுத்தான். காரின் கூரைக்கு மேலே இரும்புக் கேரியர் ஒன்று பூட்ட வேண்டுமாம். ஆகஸ்டு விடுமுறைக்குப் போர்ட் டிக்சன் கடற்கரையில் கூடாரம் அடித்து இரண்டு கிழமை தங்கப் போகிறோமாம். சிரம்பானுக்குப் பக்கத்தில் ராசாவில் ஒரு சீனர் பட்டறையில் அளவுகூடக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"மேல கேரியர் பூட்டினால் கூடாரம், மெத்தை, சட்டி பானை எல்லாம் அதில போகும். உள்ளுக்குப் பிள்ளையள் வசதியா இருக்கலாம்" என்கிறார்.

திலகமும் மூர்த்தியும் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். இவர்களை இனி யார் அடக்குவது?

லிங்கி ரோட்டில் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிவிட்டுக் கொளுத்தி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருக்கிறார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும், வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோகக் கூடாது என்று ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியதே, அங்கே கணக்கெழுதும் கிராணியான இவர்தான். இந்த நேரத்தில் கடற்கரையில் கூடாரமா? கல்யாணமான நாளிலிருந்து பயணம் என்றாலே முகம் சுளிக்கிற மனிதர். இவருக்கு என்ன வந்தது?

ஜூலை 11 – புதன்

கேரியர் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி எழும்பிப் போனார்.

ஜூலை 15 – ஞாயிறு

கடற்கரைப் பயணத்தைப் பிள்ளைகள் மயிலம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு எங்களைவிட ஆவல். மூர்த்தி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறாள். புருஷன் சன்னாசி பால்வெட்டுக்காரன். கடல் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இருந்தும் அவள் பார்த்ததில்லையாம். சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தபோது பார்த்ததெல்லாம் வாந்தியும் தாயின் முதுகும்தானாம்.

"என்னையும் கூட்டிட்டுப் போங்கம்மா. அங்க யாரு ஆக்கிப் போடுவா? காருல எடமில்லாட்டி மேல கேரியர்ல உக்காந்துக்கறேன்லா" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

போகவே போவதில்லை என்று சொன்னேன். முகம் சுருங்கிப் போயிற்று.

ஜூலை 19 – வியாழன்

இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். இவர் ஆபீஸிலிருந்து பாதியில் வந்து, மயிலம்மாளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேர் வந்தவங்கள், கமலா. காட்டுக்குள்ளயிருந்து. ஒராள் எங்கட பழைய பால்வெட்டுக்காரன். பதினெட்டாம் நம்பர்க் காட்டில நான் மரக்கணக்குப் பாக்கேக்கை பக்கத்தில வந்து நிண்டாங்கள். மருந்து, துணி, ஊசி மருந்து எல்லாம் வேணுமாம். தோட்டத்து ஆஸ்பத்திரிச் சாவி என்னட்டை இருக்கிறது அவங்களுக்குத் தெரியும்."

"பொலிசுக்குச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் அவங்கள் என்னை விடுவாங்களோ? சொல்லாமல் குடுத்தால் பொலிஸ் விடுமோ?"

துரையிடம் வேறு தோட்டத்துக்கு மாற்றம் கேட்டாராம். ஆள் இல்லை, ஒரு வருடம் பொறு என்றாராம் துரை. வேலையை விட்டுவிட்டு லாரி பிடித்து வீட்டைக் காலி செய்தால், ஓடுகிறோம் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். காட்டில் இருப்பவர்களுக்கும்.

"விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போற மாதிரிப் போவம். கேரியரில எவ்வளவு ஏறுமோ அவ்வளவுதான் எங்கட சாமான். திரும்பி வாறேல்லை."

அப்படியென்றால் இத்தனை நாளும் பிள்ளைகளிடம் சொன்னது? கூடாரம், மணல், நண்டு பிடிப்பது? எல்லாம் பொய்யா? அவர் அழுதார். நான் இதுவரை பார்த்ததில்லை.

ஜூலை 20 – வெள்ளி

கேரியர் பூட்டுங்கோ என்று சொன்னேன்.

ஜூலை 29 – ஞாயிறு

ராசாவுக்குப் போய்ப் பூட்டிக்கொண்டு வந்தோம். என் அண்ணன் செல்லப்பாவின் வீடும் அங்கேதான். அவருக்கு மட்டும் உண்மையைச் சொன்னோம். பின்னறையை ஒதுக்கித் தருகிறேன் என்றார். அண்ணி பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சின்ன வீடு, பாவம்.

திரும்பி வரும்போது கேரியர் காற்றில் ஊளையிட்டுக்கொண்டே வந்தது. தோட்டத்து வாசலில் நிற்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டு, "கிராணியார் பிக்னிக்கா?" என்றான். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது. ஊருக்கே தெரிந்துவிட்டது. தெரிய வேண்டும் என்பதுதானே திட்டம்.

ஆகஸ்டு 5 – ஞாயிறு

எதை ஏற்றுவது, எதை விடுவது?

தையல் மெஷின் எடுக்கக் கூடாதாம். "கடற்கரைக்கு ஆராவது தையல் மெஷின் கொண்டு போவினமோ?" என்கிறார். சரிதான். அம்மா சீதனமாகத் தந்த மெஷின். அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கும் ஆகாது. கல்யாணக் கூறைப்புடவையையும் கல்யாணப் படத்தையும் மெத்தைக்குள் சுருட்டிவிடலாம் என்றேன். யோசித்து யோசித்து, சரி என்றார். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இவருடைய சேர்ட்டிபிக்கட் எல்லாம் கூடாரத் துணியின் மடிப்புக்குள்.

மயிலம்மாள்தான் கூடவே நின்று உதவுகிறாள். அவள் கண்ணெதிரே எதை ஒளிப்பது, எதைக் காட்டுவது? தலையணைகளை வெயிலில் போட்டுத் தட்டினாள். சாப்பாடு எப்படியம்மா என்று கேட்டாள். அரிசி கொண்டுபோக முடியாதே, கடையில்தான் சாப்பிட வேண்டும் என்றேன்.

"ரெண்டு வாரமும் கடைச் சோறா? மூர்த்தித் தம்பிக்கு வயித்துக்கு ஆவாதேம்மா."

பிறகு மெல்ல, "நான் வந்தா ஆக்கிப் போட்டிருப்பேன்" என்றாள்.

காரில் இடமில்லை, மயிலம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவளுக்கும் ஆபத்து. சொல்லாமல் போனால், பிறகு என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

ஆகஸ்டு 10 – வெள்ளி

நாளை.

கறிவேப்பிலைக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது, கோழிகளை எப்போது அடைப்பது என்று மயிலம்மாளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "வரும்போது வீடு பளிச்சுனு இருக்கும்மா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்டு 13 – திங்கள். ராசா, அண்ணன் வீடு

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை இவரே கயிறு கட்டினார். யாரையும் கிட்ட விடவில்லை. மெத்தையும் கூடாரமும் பெட்டிகளும் கூரையில் ஒரு கட்டாக உயர்ந்து நின்றன. தோட்ட வாசலில் தடுக்கவில்லை. ரப்பர்க் காட்டு வளைவு கடந்தது. நான் கந்தசாமியாரை வேண்டிக்கொண்டே வந்தேன். பெரிய ரோட்டில் ஏறும் இடத்துச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வழக்கமாகப் பின்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், போகச் சொல்வார்கள். கேரியரைப் பார்த்ததும் ஒரு வெள்ளை அதிகாரி எழும்பி வந்தான். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னான்.

ரோட்டோரப் புல்லில் எங்கள் வீட்டையே விரித்துப் போட்டார்கள். கூறைப்புடவை. கல்யாணப் படம். சேர்ட்டிபிக்கட்டுகள். "இதெல்லாம் கடற்கரைக்கா?" என்று அந்த அதிகாரி இங்கிலீஷில் கேட்டான். இவர் குனிந்து கூறையை மடிக்கத் தொடங்கினார்.

மலாய்க் கான்ஸ்டபிள் சின்ன மெத்தையை உதறினான். உள்ளேயிருந்து ஒரு துணி முடிச்சு விழுந்தது. அவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னான்.

"பெராஸ்."

அரிசி.

நான் வைக்கவில்லை. ஆண்டவனறிய நான் வைக்கவில்லை.

யார் வைத்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன், எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு அவர்களிடம், "நான்தான் வச்சனான். பிள்ளைகளுக்கு" என்றார்.

அங்கேயே கைவிலங்கு. மூர்த்தி, "அப்பா கடலுக்கு வரேல்லையோ?" என்று கேட்டான்.

அண்ணன் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போக மாலையாகிவிட்டது. கார் அங்கேயே நிற்கிறது.

ஆகஸ்டு 20 – திங்கள்

பார்க்க விடவில்லை.

ஆகஸ்டு 26 – ஞாயிறு

இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல். அண்ணி நல்லவர். ஆனால் இந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் யாருக்கோ இடைஞ்சலாக இருக்கிறேன்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? அரிசியை ஏன் வைத்தார்? காட்டில் இருப்பவர்களுக்கா? வழியில் எறிந்துவிட்டுப் போவதற்கா? அந்த வளைவில் வண்டி மெதுவாகத்தான் போனது. அல்லது எனக்குத்தான் இப்போது அப்படித் தோன்றுகிறதா? கயிற்றை வேறு யாரையும் தொட விடவில்லையே. முன்பே கொடுத்துப் பழக்கமோ? எனக்குச் சொன்னதெல்லாம் பாதிக் கதையோ?

இப்படி நினைக்கிறேனே என்று என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 14 – வெள்ளி

தீர்ப்பு. ஒன்றரை வருடம் சிறை. வேறு ஒன்றும் நிரூபணமாகவில்லையாம், அதனால் குறைவாம். வக்கீல் சந்தோஷப்படச் சொல்கிறார். தோட்டத்து வேலை போய்விட்டது.

செப்டம்பர் 29 – சனி

சிரம்பான் ஜெயிலில் முதல் முறை பார்த்தேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். தமிழ் தெரிந்த வார்டர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறார். எதைக் கேட்பது?

"பிள்ளையள் சாப்பிடுகினமோ?" என்றார்.

"ஓம்."

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை."

என்னைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? முகத்தைப் பார்க்காமலே பேசிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 30 – செவ்வாய்

தீபாவளி வந்து போயிற்று. பிள்ளைகளுக்கு அண்ணன் துணி எடுத்தார்.

நவம்பர் 18 – ஞாயிறு

பொலிஸ் காரைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்து மாமரத்தடியில் விட்டிருக்கிறார். கேரியர் அப்படியே இருக்கிறது, ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்து. "கழட்டி விடட்டோ?" என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். எது நல்லது என்று எனக்கு இப்போது ஒன்றிலும் தெரிவதில்லை. வேண்டாம் என்றபோதே பிடிவாதமாக நின்றிருந்தால்? நின்றிருந்தால், தோட்டத்தில் இருந்திருப்போம். அங்கே என்ன நடந்திருக்கும்?

டிசம்பர் 22 – சனி

இன்று பார்க்கப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை.

ஜனவரி 13, 1952 – ஞாயிறு

மயிலம்மாள் வந்தாள்.

பஸ் பிடித்து, வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கறுத்து மெலிந்திருக்கிறாள். சன்னாசிக்கு இப்போது வேறு டிவிஷனில் வேலையாம். எங்கள் வீட்டில் புதுக் கிராணியார் வந்துவிட்டாராம். பிள்ளைகள் அவளை விடவில்லை. மூர்த்தி மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஐயாவை ஏன் பிடித்தார்கள் என்று அங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். "தொரைகிட்ட சொல்லாம ஓடுனாரு, அதான் புடிச்சாங்கன்னு வேலை வாங்குற மண்டோரு சொல்றாரு. சில பேரு வேற மாதிரி பேசுறாங்க. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா."

பிள்ளைகள் வெளியே போகும்வரை காத்திருந்தாள். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா, அந்தச் சின்ன மெத்தைக்குள்ள கொஞ்சம் அரிசி வச்சிருந்தேன்" என்றாள். "தம்பி கடச் சோறு திங்குமான்னு மனசு கேக்கல. எங்க ரேசன்ல மிச்சம் புடிச்சது. உங்ககிட்ட சொன்னா வேணாம்பீங்கன்னு சொல்லல. ஐயா காரை யாரு அவுத்துப் பாக்கப் போறாங்கன்னு... அத யாரும் பாக்கலியேம்மா?"

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதமாக நான் யாரை எதற்கெல்லாம் சந்தேகப்பட்டேன்? அவர் யாரைக் காப்பாற்றக் கம்பிக்குள் போனார்? அந்தப் பார்வை – நீர் பயப்படாதையும், நான் பாத்துக்கொள்ளுறன் என்று என்னிடம் சொன்ன பார்வை. நான்தான் பிள்ளைகளுக்காக வைத்தேன் என்று நினைத்துவிட்டார்.

கோபம் வர வேண்டும். வரவில்லை. அவள் வீட்டு அடுப்பில் வேக வேண்டிய அரிசி அது.

"இல்லை, மயிலம்மா. ஒருத்தரும் பார்க்கேல்லை" என்றேன்.

"ஆக்கிக் குடுத்தீங்களா?"

"ஓம். இங்கே வந்து ஆக்கினேன். ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டார்கள்."

அவள் பெருமூச்சு விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு யாராவது சொல்லி அவளுக்குத் தெரியவரலாம். என் வாயால் வேண்டாம். தெரிந்தால் பொலிசில் போய்த் தானேதான் என்பாள், அவளையும் பிடித்து ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அவருடைய நாட்களும் அதனால் குறையப்போவதில்லை.

பொங்கல் கழித்துப் போ என்றேன். நிற்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன்பே ஓடிவிட்டாள்.

ஜனவரி 19 – சனி

வார்டர் பக்கத்திலேயே நின்றார். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போயிருந்தேன்.

"மயிலம்மாள் வந்தவள். மூர்த்திக்குத் தான் தந்துவிட்டதைச் சமைச்சுக் குடுத்தனோ எண்டு கேட்டவள்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கம்பியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அப்ப... நீர் இல்லையோ?"

"இல்லை. நான் நீங்களெண்டு நினைச்சிருந்தன்."

வார்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு பாதியில் இருமலாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு என்ன சொன்னீர்?"

"பிள்ளையள் நல்லாச் சாப்பிட்டவை எண்டு சொன்னன்."

"நல்லது. அப்பிடியே இருக்கட்டும்."

நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. எதையும் மாற்ற என்னால் முடியாது. அடுத்த சனிக்கிழமை திலகத்தையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போக வேண்டும்.