மூன்றாவது ஃபைல்

வெம்பக்கோட்டை
12.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வேல்விழி எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தம்பி மாரீஸ்வரனும் நலம். தபாலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், வக்கீல் நோட்டீஸ் இல்லை. போனில் பேசினால் நீங்கள் "ம்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அக்டோபரில் அப்படி ஆன பிறகு நான் அம்மா வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகிறது. ஏழு மாதமும் "ம்"தான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எனக்கு நாலு பக்கம் எழுதியவர். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு கம்பெனி கதைப் புத்தகங்களை வாசித்து ஒலிப் புத்தகமாகப் போடுகிறது. பத்து நிமிடம் வாசித்து அனுப்பச் சொன்னார்கள். போனில் பதிந்து அனுப்பினேன். "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. நல்ல மைக் வைத்துப் பதிந்து ஆகஸ்ட் பதினைந்துக்குள் அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. பட்டாசுப் பெட்டி ஒட்டிச் சேர்த்த மூவாயிரம் இருக்கிறது. அதற்குள் எந்த மைக் வாங்கலாம்?

நானும் பத்து வீடியோ பார்த்துவிட்டேன். ஒருவர் கண்டென்சர்தான் வேண்டும் என்கிறார். இன்னொருவர், வீட்டில் கண்டென்சர் வைத்தால் பக்கத்துத் தெரு நாய்கூடப் பதிவாகும், டைனமிக் வாங்கு என்கிறார். யூஎஸ்பி என்கிறார்கள், எக்ஸ்எல்ஆர் என்கிறார்கள், நாற்பத்தெட்டு வோல்ட் என்கிறார்கள். மைக்குக்கு எதற்குக் கரண்ட்? ஷாக் அடிக்குமா? சாத்தூரில் கடைக்காரரைக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாம்மா, கலர்தான் வேற" என்கிறார். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

நீங்கள் ஸ்டூடியோவில் ஆறு வருஷமாக இதையே செய்கிறவர். மைக்கைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அது போதும்.

வேல்விழி

-

விருதுநகர்
19.6.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

உன் கடிதம் ஸ்டூடியோ முகவரிக்கு வந்து சேர்ந்தது.

நாற்பத்தெட்டு வோல்ட் ஷாக் அடிக்காது. கண்டென்சர் மைக் வேலை செய்யக் கொஞ்சம் கரண்ட் வேண்டும், அவ்வளவுதான். எக்ஸ்எல்ஆர் மைக் என்றால் அந்தக் கரண்டைக் கொடுப்பதற்கு இன்டர்ஃபேஸ் என்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். உன் மூவாயிரம் அதற்கே போய்விடும். யூஎஸ்பி மைக் என்றால் நேரே லேப்டாப்பில் சொருகலாம், கரண்டையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். மாரீஸ்வரனுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் போதும். எழுநூறு ரூபாய்க்கு ஸ்டாண்டு, நுரை உறை எல்லாம் சேர்த்து ஒரு செட் விற்கிறார்கள். பார்க்கப் பெரிய ஸ்டூடியோ மைக் மாதிரியே இருக்கும். வாங்கிவிடாதே, இரைச்சல்தான் வரும்.

கண்டென்சரா டைனமிக்கா என்பதில் எனக்கே உடனே சொல்லத் தெரியவில்லை. மூச்சு, குரல் தழுதழுப்பது, இதெல்லாம் கண்டென்சரில்தான் அப்படியே வரும். ஆனால் வீட்டில் இருக்கிற மற்ற சத்தமும் கூடவே வரும். டைனமிக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்கும். உங்கள் வீட்டில் எப்போது என்னென்ன சத்தம் என்று எழுது. பிறகு முடிவு செய்யலாம்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

மாரிக்கண்ணன்

-

வெம்பக்கோட்டை
27.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். உறையைப் பிரித்தபோது சந்தோஷமாக இருந்தது. படித்தால் இரண்டு பக்கமும் மைக். மைக்கைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னது நான்தான். இருந்தாலும்.

சத்தம் கேட்டீர்களே, சொல்கிறேன். காலையில் பட்டாசு ஆலை வேன் ஹாரன் அடித்து ஆளைக் கூப்பிடும். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் சின்னம்மா இரண்டு ஆடு வளர்க்கிறார், இரண்டுக்கும் எந்நேரமும் பசி. தகரக் கூரையில் அணில் ஓடும். பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே அங்கே கூடிவிடும். அம்மாவுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நாலு மணி வரை கொஞ்சம் அமைதி. ஊரில் பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள்.

உங்களிடம் கேட்டது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கடைக்காரன் சொல்ல மாட்டானா? அவுககிட்டப் போயி எதுக்குடி கேக்கே?" என்றாள். எதற்குக் கேட்டேன் என்று எனக்கும் தெரியவில்லை மாமா. காலையில் டைனமிக் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் கண்டென்சர் என்று தோன்றுகிறது. எல்லாவற்றிலும் இப்போது இப்படித்தான் இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் விருதுநகருக்கே வந்துவிடலாம் என்று துணிமணியோடு கிளம்பினேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ்ஸில் இங்கேயே திரும்பிவிட்டேன்.

பிள்ளை போன பிறகு கொடுத்த மாத்திரையை மார்ச்சிலேயே டாக்டர் நிறுத்திவிட்டார். அன்றைக்கே போனில் சொன்னேன். "ம்" என்றீர்கள்.

வேல்விழி

-

விருதுநகர்
10.7.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

டைனமிக் வாங்கு என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். கண்டென்சர் என்று இன்னொன்று எழுதி, அதையும் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் நீ தம்பியிடம் கொடுத்துவிட்ட பணத்தில் மதுரைக்குப் போய் யூஎஸ்பி கண்டென்சர் ஒன்றை வாங்கிவிட்டேன். கடையிலேயே நாலு மைக்கைச் சொருகிக் கேட்டுப் பார்த்தேன். இதில்தான் இரைச்சல் குறைவு. சரியாகத்தான் செய்தேனா என்று பஸ்ஸில் வரும்போதே சந்தேகம் வந்தது.

மாரீஸ்வரனிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்த மைக் முன்பக்கம் வருவதைத்தான் நன்றாக எடுக்கும். அதனால் அதன் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே இல்லாமல் சற்றுச் சாய்வாக வை. சுற்றிலும் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிடு. ஃபேனை நிறுத்திவிடு. வேர்க்கும், பத்து நிமிடம்தானே.

நீ சாத்தூர் வரை வந்ததை எனக்குச் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாரிக்கண்ணன்

-

வெம்பக்கோட்டை
4.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மைக் நன்றாக இருக்கிறது. போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்து அம்மா, "ஆவி பிடிக்கியா?" என்று கேட்டாள்.

பென் டிரைவில் மூன்று ஃபைல் இருக்கிறது. இங்கே நெட்டில் அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது, அதனால் தம்பியிடமே கொடுத்துவிடுகிறேன். முதலாவதில் ஆடு கத்துகிறது. இரண்டாவதில் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போகிறவர்களின் பாட்டு வண்டி வந்துவிட்டது. மூன்றாவது பரவாயில்லை என்று நினைக்கிறேன். திரும்பக் கேட்கவில்லை, என் குரலை நானே கேட்க என்னவோபோல் இருக்கிறது. ஹெட்போன் மாட்டிக் கேட்டு எது தேறும் என்று எழுதுங்கள். பதினைந்தாம் தேதியை மறக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இளைத்துவிட்டீர்கள் என்று தம்பி சொன்னான்.

வேல்விழி

-

விருதுநகர்
9.8.2025

அன்புள்ள வேல்விழிக்கு,

மூன்றாவது ஃபைல் பத்து நிமிடம் இல்லை. நாற்பத்தொரு நிமிடம். நீ நிறுத்த மறந்துவிட்டாய்.

பத்தாவது நிமிடத்தில் நீ புத்தகத்தை மூடி எழுந்து போகிறாய். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அடுப்படியில் அத்தை பேசுவது லேசாகக் கேட்டது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"ஆஸ்பத்திரியில கல்லு கணக்கா நின்னாகளே, ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா? அந்த மனுசருக்கா இன்னும் கடுதாசி எழுதிக்கிட்டு இருக்கே?"

"அழாட்டா என்னம்மா. எம்புள்ளைய எங்கன கொண்டுபோயி வச்சாகன்னுகூட எனக்குத் தெரியாது. வயித்துல சுமந்தவ நான். ஒருத்தரும் சொல்லல. அவுகளும் சொல்லல."

"அதையெல்லாம் பொம்பள கேக்கக் கூடாதுடி."

"நான் எங்கம்மா கேட்டேன்? கேக்க முடியாமத்தான் இங்கன வந்து கெடக்கேன்."

அதோடு நிறுத்திவிட்டேன். பதினான்காவது நிமிடம். அதற்கு மேல் கேட்கவில்லை. நீ நம்புவாயா என்று தெரியவில்லை.

"மூன்றாவது நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை.

அன்றைக்கு நீ மயக்கத்தில் இருந்தாய். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். பெண் பிள்ளை என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். மூக்கு உன் மூக்கு. இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் மாரீஸ்வரனும் ஆட்டோ பிடித்து அச்சங்குளத்துக்குப் போனோம். எங்கள் புஞ்சையில் கிணற்றுக்குக் கிழக்கே, விதைக்காமல் விட்டிருக்கும் மூலையில் வைத்தோம். நானே தோண்டினேன். மழை பெய்து கரிசல் மண் ஈரமாக இருந்தது. ஆஸ்பத்திரிப் பையில் இருந்த உன் பச்சைச் சேலையில் பாதியைக் கிழித்துச் சுற்றினேன். அந்தச் சேலையைக் காணோம் என்று நீ பீரோவெல்லாம் தேடினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். வேறு எதைப் பேச வாயைத் திறந்தாலும் இதுதான் வந்து நின்றது. அதனால் எதையுமே பேசாமல் இருந்துவிட்டேன். மாதம் ஒரு தடவை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இப்போது இதை எழுதுவது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பத்து நிமிடத்தைத் தனியாக வெட்டிப் பென் டிரைவில் போட்டிருக்கிறேன். சுத்தமாக இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பு. மீதியை அழித்துவிட்டேன்.

மாரிக்கண்ணன்

-

வெம்பக்கோட்டை
18.8.2025

மாமாவுக்கு,

நாலு நிமிடம் ஒட்டுக் கேட்டது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்ததும் அந்த மைக்கைத் தூக்கி உடைக்கலாம் போல் இருந்தது. அடுத்த பக்கத்தைப் படித்த பிறகு எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. அழுதேன். ஆனால் துக்கம் மட்டும் இல்லை. மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாரீஸ்வரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "மண்ண மூடிட்டு மச்சான் எந்திரிக்கவே இல்லக்கா. எம்புட்டு நேரம் அங்கனயே கெடந்தாக தெரியுமா? நான்தான் தூக்கிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல மொகத்தக் கழுவிட்டுத்தான் உள்ள வந்தாக" என்றான். அம்மா முறத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். முறத்தை இறக்கி வைத்துவிட்டு, "அவுக அங்கன என்னத்தச் சாப்பிடுதாக, யாரு பொங்கிப் போடுதா?" என்று மட்டும் கேட்டாள்.

பதினான்காம் தேதி சாத்தூருக்குப் போய் அங்கிருந்து நெட்டில் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். எடுப்பார்களா மாட்டார்களா என்று இன்னும் தகவல் இல்லை.

கிணற்றுக்குக் கிழக்கே என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவைதான் அந்தப் புஞ்சைக்கு வந்திருக்கிறேன். கண்ணை மூடி எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் கிணறு வருகிறது, அந்த மூலை வரவில்லை. இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கிருந்து உங்களோடு விருதுநகருக்கு வருவேனா, இங்கேயே திரும்புவேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. முதலில் அங்கே போவோம்.

காலையிலேயே வந்துவிடுங்கள். இங்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

வேல்விழி