சாமியிடம் கேட்ட இரண்டாம் கேள்வி

தேவனூர் நாடு, கொல்லிமலை
12.8.1998

மரியாதைக்குரிய அர்த்தநாரி அண்ணனுக்குக் கண்ணாயி எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் நன்றாக இருக்கிறோம். உங்கள் வயிறு எப்படி இருக்கிறது?

வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கப் பஸ்ஸை நிறுத்தச் சொன்ன ஆள் என்று நான் உங்களைத்தான் பார்த்தேன். கண்டக்டர் நேற்றுக்கூடக் கேட்டார்: “ஏனுங்க்கா, அந்த மனித உரிமைச் சங்கத்து ஐயா மறுக்கா எப்ப வாராருங்க? சொல்லீட்டா அன்னிக்கு நான் லீவு போட்டுக்குவேன்.”

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அறிவொளி வகுப்பில் படித்தது. டீச்சரம்மாவுக்குக் கல்யாணம் ஆனதோடு என் படிப்பும் முடிந்தது.

நடந்ததை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். சாமைக் காட்டில் நாங்கள் களை எடுத்துக்கொண்டிருந்தோம். பட்டப்பகல். ஜீப்பில் வந்த பாரஸ்ட் கார்டுகள் என் வீட்டுக்காரரை இழுத்துப் போனார்கள். நான் பார்த்தேன், பக்கத்து வீட்டுப் பெருமாயி பார்த்தாள், காட்டில் இருந்த எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். அவர்கள் எழுதிக்கொண்டதோ, ராத்திரி சந்தனக் கட்டையோடு பிடித்தோம் என்று. ஜெயிலில் போய்ப் பார்த்தால் வலது கை ஒடிந்து கிடக்கிறது.

அவர் பெயர் செல்லமுத்து. புருஷன் பெயரை வாயால்தான் சொல்லக் கூடாது, கையால் எழுதலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

இதுவரை வந்தவர்கள் எல்லாம் “உன் புருஷன் எத்தனை மரம் வெட்டினான்?” என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் “என்னம்மா நடந்தது?” என்று கேட்டீர்கள். அதிலேயே என் பாரம் பாதி இறங்கிவிட்டது, அண்ணா.

இப்படிக்கு,
தங்கச்சி கண்ணாயி


ராசிபுரம்
25.8.1998

அன்புள்ள தங்கச்சிக்கு,

என் வயிறு நலம். கண்டக்டருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

சந்தன மர வழக்கு என்பதால் ஜாமீன் தர மறுக்கிறார்கள். வழக்கு முடிந்தால்தான் செல்லமுத்து வெளியே வருவார். பகலில் காட்டிலிருந்து கூட்டிப்போனார்கள் என்று சாட்சி சொல்ல வேண்டும். நீங்கள் மட்டும் சொன்னால், பெண்டாட்டி புருஷனுக்குத்தானே பேசுவாள் என்று தள்ளிவிடுவார்கள். பெருமாயியும் இன்னும் இரண்டு பேரும் வர வேண்டும். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வராமல் நானும் வக்கீலும் கூடவே இருப்போம்.

என் மொபெட் டயரை யாரோ கிழித்துவிட்டார்கள். “மஞ்சள் விளையற மண்ணை உட்டுப்போட்டு ஊரார் கேஸைத் தூக்கீட்டுத் திரியறயே” என்று அப்பா திட்டுகிறார். திட்டிக்கொண்டே புது டயரும் வாங்கித் தந்தார்.

அர்த்தநாரி


தேவனூர் நாடு
3.10.1998

அண்ணனுக்கு,

இந்தத் தடவை கேலி இல்லை. எழுத வரவில்லை.

சாட்சி சொல்லப் போவதா வேண்டாமா என்று ஊர் கூடியது. கார்டுகள் பாதையை அடைத்தால் மிளகு லாரி எப்படி இறங்கும் என்று எல்லோருக்கும் பயம். ஊர்க்கவுண்டர் மாணிக்கம் “பூக் கேட்டுருவோம்” என்றார். எங்கள் ஊரில் கல்யாணமோ வழக்கோ எதுவானாலும் அப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது.

“நம்மூட்டுப் பொம்பளைங்க கோர்ட்டுல சாட்சி சொல்லப் போலாமா சாமி?” என்று கேட்டார். சிவப்பு வந்தது.

பெருமாயி என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கண்ணாயி


ராசிபுரம்
14.10.1998

அன்புள்ள தங்கச்சிக்கு,

சாமி விஷயத்தில் நான் வாதாட முடியாது. வரமாட்டேன் என்பவர்களைக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். அப்படிச் செய்தால் எனக்கும் அந்தக் கார்டுகளுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் பொய்யாகத் தைரியம் சொல்லவும் மனம் வரவில்லை. சாட்சி இல்லாமல் இதற்கு முன் நான் தோற்ற வழக்குகள் பல. பெருமாயி வராவிட்டால் செல்லமுத்துவுக்குத் தண்டனை ஆகிவிடும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் விடமாட்டேன். கடைசி வரை நடப்பேன்.

அர்த்தநாரி


தேவனூர் நாடு
20.11.1998

அண்ணனுக்கு,

என் வாய் திரும்ப வந்துவிட்டது. தயாராக இருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாமை குத்திக்கொண்டே யோசித்தேன். கேட்டதற்குத்தானே சாமி பதில் சொன்னது? கேட்காததற்குச் சொல்லவில்லையே? நோம்பியன்று ஊரே கோயிலில் இருக்கும்போது முன்னால் போய் நின்றேன்.

“ஏனுங்க, நான் மறுக்காப் பூக் கேக்கோணும்.”

“ஏ கண்ணாயி, சாமி ஒருக்காச் சொன்னாப் பத்தாதா உனக்கு?” என்றார் மாணிக்கம்.

“அது நீங்க கேட்ட கேள்விங்க. நான் வேற கேக்கறேன்.”

“என்னத்த கேக்கப் போற?”

சாமியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். “கண்ணால பாத்துட்டு, பாக்கலைன்னு ஊட்டுல குந்திக்கலாமா சாமி?”

பிள்ளை எடுத்த இலையைப் பூசாரி பிரித்தார். சிவப்பு!

மாணிக்கம் தலையைச் சொறிந்தார். “போனாலும் வேண்டாங்குது, போகாட்டியும் வேண்டாங்குது. இதென்னடா கூத்து?”

அப்போது பின்னால் இருந்து பெருமாயி சொன்னாள்: “ரெண்டுலயும் தப்பு இருக்குதுங்க கவுண்டரே. எது சின்னத் தப்புன்னு நம்மளையே பாக்கச் சொல்லுது. நான் போறேன்.”

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். மாணிக்கம் தடுக்கவில்லை. கீழே போகும் அன்றைக்கு வண்டிக்குத் தானே சொல்லிவிடுவதாக முணுமுணுத்துவிட்டுப் போனார்.

வெள்ளை வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பீர்கள். மூன்றாவது கேள்வி ஒன்று கையில் வைத்திருந்தேன்.

கண்ணாயி


ராசிபுரம்
18.9.1999

அன்புள்ள தங்கச்சிக்கு,

தீர்ப்பு நாளில் கூட்டத்தில் உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. பெருமாயி சாட்சிக் கூண்டில் நின்று, “ராத்திரியா? ராத்திரியில யாருங்க களை எடுப்பாங்க?” என்று கேட்டதை வக்கீல்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். செல்லமுத்து வீடு வந்து சேர்ந்தது உங்கள் நான்கு பேரால்தான்.

ஆனால் கையை ஒடித்தவர்கள்மேல் நாம் கொடுத்த புகாரைத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் அதே ஜீப்பில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் வாங்கித் தந்தது பாதி நியாயம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். மேல்கோர்ட்டுக்குப் போகலாம். அலைச்சல் அதிகம், முடிவும் நிச்சயமில்லை. வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை.

அர்த்தநாரி


தேவனூர் நாடு
10.10.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் மன்னிப்புக் கேட்டதை அவருக்குப் படித்துக் காட்டினேன். “அந்த மனுசனுக்கென்ன கிறுக்கா?” என்றார். நான் சொல்லவில்லை, அவர் சொன்னது.

வந்த புதிதில் அவர் பேசவே இல்லை. போட்டதைத் தின்றார். வண்டிச் சத்தம் கேட்டால் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். கை மடங்கவில்லை. மிளகு பறிக்க நான் ஏறுகிறேன், அவர் கீழே நின்று ஏணியைப் பிடிக்கிறார். ஆள் வந்துவிட்டார், என் புருஷன் இன்னும் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்டி, கொழம்புல உப்பே இல்ல. ஜெயில்லயே இதுக்கு நல்லா வெச்சானுங்க.”

“அப்ப அங்கயே போயிருங்க!” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு உப்புப் போட்டேன். சத்தம் கேட்டுப் பெருமாயி ஓடி வந்தாள். “என்ன ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“சண்டைதான் பெருமாயி. வா, குந்து, நீயும் ஒரு வாய் தின்னுட்டுப் போ” என்றேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டில் என் சமையலைக் குறை சொல்ல ஆள் இல்லை, அண்ணா. அந்த ஆளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பாதி என்கிறீர்கள். நன்றி என்ற சொல்லை மேடையில் பேசுகிறவர்கள் வாயில்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிறேன். நன்றி.

மேல்கோர்ட்டு விஷயம் அவரிடம் கேட்டேன். மடங்காத கையை என் முன்னால் நீட்டினார். பிறகு சொன்னார்:

“போலாம்னு எழுது. இந்தத் தடவ நானே சாட்சி சொல்றேன்.”

தேதி எழுதுங்கள், அண்ணா.

உங்கள் தங்கச்சி
கண்ணாயி