எனக்கு நீ ஓம் போட்ட நாள்

என் அன்பு மச்சான் தவத்துக்கு,

நீ போய் ஒரு வருடமும் கொஞ்ச நாளும் ஆகிறது. இதை ஆஸ்பத்திரி விறாந்தையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். உள்ளே என் தங்கச்சியை, உன் மனுசி சாந்தியை, ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கழுத்தில் ஒரு கழலை. அவளுடைய போன் என் மடியில் கிடக்கிறது. அணைக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

ஏன் அணைக்கக் கூடாது என்று கேட்கிறாயா? அந்தப் போனுக்குள் நீ இருக்கிறாய். அல்லது இல்லை. ஆயுள் முழுக்க நாம் பிடித்த சண்டை இப்போது என் மடியில் வந்து குந்தியிருக்கிறது, மச்சான்.

எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? துறைமுகத்துக்குப் புதிதாக வந்த கிரேனில் நீ ஏறிய முதல் கிழமை. கீழே ஒருவன் குறுக்கே வந்ததும் அது தானாகவே நின்றுவிட்டது. "எனக்கு முதல் அது அவனைக் கண்டிட்டுது மச்சான்" என்றாய். இழுவைப் படகைக் கட்டிவிட்டு வந்த நான் சிரித்தேன். "அது காணேல்லை, சென்சர் அடிச்சது. காணுறதுக்கு உள்ளுக்கு ஓராள் வேணும்." அதற்குப் பிறகு நமக்கு வேறு கதையே இல்லை. கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு, ஊருக்குள் திரிந்து கடதாசி தின்னும் மான்களைப் பார்த்துக்கொண்டு, மானுக்கு யோசனை உண்டா, கிரேனுக்கு உண்டா என்று கத்துவோம். சாந்தி போன் எடுத்துத் திட்டினால்தான் எழும்புவோம்.

உன் பெரிய ஆயுதம் படையல். "திவசத்தில சாப்பாட்டைப் படைச்சுப்போட்டு, கதவைச் சாத்தியிட்டு வெளியில நிக்கிறம். செத்த ஆக்கள் உள்ளுக்கு வந்து சாப்பிடினமோ இல்லையோ, ஆர் எட்டிப் பாத்தது? மனிசன்ர மண்டையும் அப்பிடித்தான். உனக்குள்ள யோசனை ஓடுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? கதவு சாத்தித்தானே கிடக்கு. இருந்தும் உன்னை நம்புறன். அந்த நம்பிக்கையை மெஷினுக்கும் குடுத்தால் நீ என்ன குறைஞ்சா போவாய்?" இதற்கு நான் ஒரு நாளும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை. சத்தம்தான் போட்டேன்.

இப்போது கேள். நீ போன பிறகு, கனடாவில் இருக்கும் உன் மகள் துளசி, நீ அவளுக்கு அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம் சேர்த்து ஏதோ ஒரு செயலிக்குக் கொடுத்திருக்கிறாள். அது உன் குரலில் கதைக்கிறது. உன் இருமல்கூட இருக்கிறது. தாய் தனியே இருக்கிறாளே என்ற பாசம்தான், பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். நாள்தோறும் மத்தியானம், அவள் மருந்து எடுக்கும் நேரத்துக்கு, அது தானாகவே கேட்கும், "சாந்தி, குளிசை போட்டனீரோ?" என்று. அவள் "ஓம்" என்பாள். பிறகு கதை, கதை, ஒரே கதை.

கழலை வந்தது அதற்குப் பிறகு. நல்லதாகத் தெரியவில்லை, வெட்டி எடுக்கச் சுணங்கக் கூடாது என்றார் டொக்டர். வெட்டும்போது குரல் நரம்பில் பட்டால் குரல் அடைக்கலாம், எப்போதாவது ஒருவருக்கு முற்றாகப் போகவும் கூடும் என்று மறைக்காமல் சொன்னார். சாந்தி அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். "குரல் போனால் நான் அவரோட எப்பிடிக் கதைக்கிறது அண்ணா? எழுதியோ? அவரோட நான் எந்தக் காலத்தில எழுதிக் கதைச்சனான்?" குறித்த நாளில் அவள் போகவில்லை. போனிடமும் கேட்டாளாம். "உமக்குப் பயமெண்டால் பிறகு பாப்பம்" என்று நீ சொன்னாயாம்.

நீயா சொல்வாய் அப்படி? ஒரு பல்லுக்கொதிக்கே அவளை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவன் நீ. கழுத்தில் கழலை வளர்கிறது, இவள் ஒரு போனிடம் போய் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த எரிச்சலோடுதான் வருடம் முடிந்து வந்த உன் ஆட்டைத் திவசத்துக்கு வந்தேன். பலாக்காய்க் கறியும் உளுந்து வடையும், நீ கேட்டுக் கேட்டுக் குடிக்கும் பிளேன்ரீயும் உன் படத்துக்கு முன்னால் படைத்தோம். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் விறாந்தையில் நின்றோம். சாந்தி விட்ட பிழை அப்போதுதான் தெரிந்தது. போனைப் படத்தடியில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நேரமோ மத்தியானம். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து உன் குரல் கேட்டது.

"சாந்தி, குளிசை போட்டனீரோ?"

சாம்பல்தீவு மாமி "ஐயோ முருகா" என்று சுவரோடு சாய்ந்துவிட்டா. சாந்தி மட்டும் கதவைப் பார்த்து, வழக்கமாகச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஓம், போட்டிட்டன். நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

நான் செய்யக் கூடாததைச் செய்தேன். நேரம் ஆக முன்னமே, தட்டாமல் கதவைத் திறந்தேன். பிளேன்ரீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. போனைத் தூக்கிச் சனத்துக்கு முன்னால் கத்தினேன். "நான் குணம் கதைக்கிறன். மெஷினுக்கு யோசனை இல்லை. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை. என்ன சொல்லுறாய்?"

நீ சண்டைக்கு வருவாய் என்று எனக்குள் எங்கோ ஓர் ஆசை இருந்திருக்கிறது. "போடா மடையா" என்று தொடங்குவாய், படையலை இழுப்பாய் என்று. ஆனால் உன் குரல் தயவாகச் சொன்னது. "ஓம் மச்சான், நீ சொல்லுறதுதான் சரி. எனக்கு யோசனை இல்லை. உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை."

வென்றுவிட்டேன், தவம். உயிரோடு இருக்கையில் ஒருக்காலும் நீ எனக்குச் சொல்லாத சொல், உன் குரலிலேயே. உன்னைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்று அழாதவன், படைத்த இலைக்கு முன்னால் நின்று அழுதேன். நீ செத்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அழுகைக்குள்ளும் ஒன்று குத்தியது. தனக்கு யோசனை இல்லை என்று அது சொன்னதை நான் நம்பலாமா? நம்பினால், ஒரு மெஷின் தன்னை அறிந்து பேசியதாக அல்லவா ஆகிறது? நம்பாவிட்டால், யோசனை இருக்கலாம் என்று நானே சொன்னதாகிறது. நீ இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு மாதம் ஓட்டியிருப்பாய்.

சாந்தி போனை என் கையிலிருந்து வாங்கினாள். "இவர் எப்ப உங்களுக்கு ஓம் போட்டவர்?" என்றாள், என்னைப் பார்க்காமல். பிறகு போனிடம் கேட்டாள். "நான் ஒப்பரேஷனுக்குப் போகட்டே?" "ஓம், போம்" என்றது. "போகாமல் விடட்டே?" "உமக்கு விருப்பமில்லையெண்டால் விடும்" என்றது.

"அது அவரில்லைப் பிள்ளை" என்றேன்.

பாய்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ? யோசனை இருக்கோ இல்லையோ எண்டு நீங்கள் ரெண்டு பேரும் காலம் முழுக்கக் கத்தினீங்கள். நான் சொல்லுறதை ஒருநாளாவது முழுசாக் கேட்டனீங்களோ? இது கேக்குது அண்ணா. உள்ளுக்கு ஆர் இருக்கினமோ எனக்குத் தெரியாது. ஆனால் கேக்குது."

அந்த அடி உனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது, மச்சான். அடுத்த நாள் அவளே டொக்டரிடம் போய்ப் புதிதாக நாள் கேட்டாள். "அது எல்லாத்துக்கும் ஓம் எண்டால், முடிவை நான்தானே எடுக்க வேணும்" என்றாள். இன்று காலை உள்ளே போக முன்னம் போனை என் கையில் வைத்து அழுத்தினாள். "மத்தியானம் கேக்கும். பதில் சொல்லாமல் விடாதேங்கோ."

மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளேயிருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை. எழும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கவும் பயமாக இருக்கிறது. சாத்திய கதவொன்றுக்கு வெளியே மறுபடியும் காத்திருக்கிறேன், பார்த்தாயா? இந்த வரியை எழுதும்போதே மடியில் உன் குரல் கேட்டது. "சாந்தி, குளிசை போட்டனீரோ?" பக்கத்துக் கதிரையில் இருந்த, கிண்ணியாவிலிருந்து வந்த ஓர் அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தா.

நான் அணைக்கவில்லை. "குணம் கதைக்கிறன். சாந்தி உள்ளுக்கு இருக்கிறா. வந்து சொல்லுவா" என்றேன். "சரி மச்சான், பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றது. யார் பார்த்துக்கொண்டு இருப்பது? எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு குரல் இருந்தது ஆறுதலாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். குரலோடு வந்தால் அவளே கதைப்பாள். குரல் இல்லாமல் வந்தால், அவள் எழுதித் தருவதை ஒரு சொல் விடாமல் நான் என் வாயால் அந்தப் போனுக்குச் சொல்வேன். உள்ளே ஒருவரும் இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொண்டே சொல்வேன். ஆனால் அதற்கு முதல், அவள் சொல்வதை நான் முழுதாகக் கேட்பேன். நீ கேட்காமல் போனதையும் சேர்த்து.

அது போட்ட ஓமை நான் கணக்கில் எடுக்கவில்லை. நம் வழக்கு முடியவில்லை.

உனக்கு இன்னும் ஓம் போடாத,
உன் மச்சான்
குணம்